தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது

அந்தக் கூட்டத்தில் பேசியதுபோல் என் ஆயுளில் வேறெங்கும் நான் பேசியதில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராகப் பதினோரு வருடமாக இருக்கிறேன். நிர்வாகக் குழு கூடினால் என் வேலை பதிவேட்டை நீட்டிக் கையெழுத்து வாங்குவது, ஜன்னலைத் திற என்றால் திறப்பது, மூடு என்றால் மூடுவது. அன்று எழுந்து நின்று இருபது நிமிடம் பேசினேன்.

வைஃபை வழியாகப் பேசும் ஃபோன்கள் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு என்ன நன்மை என்பதுதான் பேச்சு. ஆசிரியர்கள் ஃபோனைக் கையோடு எடுத்துக்கொண்டு வகுப்புக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போகலாம். மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் அங்கே நின்றபடியே கூப்பிடலாம். அலுவலகத்துக்கு ஓடி வந்து, மூச்சு வாங்கி, என்னிடம் சொல்லி, நான் நம்பரைத் தேடி, இந்தப் பாடெல்லாம் வேண்டாம். பெற்றோர் கூப்பிட்டால் நேராக வகுப்பாசிரியருக்கே அடிக்கும். யாரும் எடுக்காத அழைப்பும் வீணாகாது. கூப்பிட்டவர் சொல்வதைப் பதிந்து, எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று குறித்து, மின்னஞ்சலில் அனுப்பிவிடும். செலவும் பாதிதான், பழைய லைனை ஒப்படைத்துவிட்டால்.

அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொன்னதும் நான்தான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

குழுவில் ஒரு மரக்கடைக்காரர் உண்டு. தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், என் உதவிக்கு வந்தார்.

“என் டிப்போல ஆறு மாசமா இதுதாங்க ஓடுது. முன்னெல்லாம் ஃபோன் அடிச்சா கடைசி அடுக்குலேருந்து விழுந்தடிச்சு ஓடி வருவேன். எடுக்கறதுக்குள்ள அந்த ஆள் வெச்சுட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பான். இப்ப இடுப்புலயே அடிக்குது. ஒரு ஆர்டர் தப்பறதில்ல. என்ன, ஓட்டம் நின்னு போச்சா, தொப்பை போட்டுருச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவரே, “இருந்தாலும் பழைய லைன் ஒண்ணு மூலையில கிடக்கட்டுமே. நானும் ஒண்ணு வெச்சிருக்கேன்” என்றார்.

“நீங்க வியாபாரி, வெச்சுக்கலாம். நாங்க ரெண்டு பில்லு கட்டினா அப்புறம் இந்த மாத்தம் எதுக்குங்க?” என்று வெடுக்கென்று கேட்டேன். செலவு குறையும் என்ற ஒரு தூணில்தான் என் பேச்சு முழுக்க நின்றுகொண்டிருந்தது. அதை ஆட்டிவிட்டால் ‘அடுத்த வருஷம் பார்ப்போம்’ என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அடுத்த வருடம் வரை பொழுது இல்லை.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. சொல்லாததுதான் ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பட்டியலில் பெயர் ஏறி ஒன்றரை வருடம். என்னுடையதைக் கொடுக்கிறேன் என்று போய் நின்றேன்; பொருந்தவில்லை. “இருபத்திரண்டு வருஷத்துல நமக்குள்ள பொருந்தாதது எத்தனையோ. போகட்டும், இதுவும் ஒண்ணு” என்று அவரே கிண்டலடித்தார்.

எங்கோ யாரோ இறந்து, அந்த வீட்டார் சம்மதித்து, ரத்தமும் மற்றதும் பொருந்தி வந்தால், மருத்துவமனையில் இதற்கென்றே இருக்கும் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் கூப்பிடுவார். நாம் கொடுத்திருக்கும் நம்பர்களில் மாறி மாறிக் கூப்பிடுவார். ஒரு மணி நேரம் கணக்கு. அதற்குள் எடுத்து ‘வருகிறோம்’ என்று சொல்லவில்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அதில் இரக்கத்துக்கு இடமில்லை. எடுத்த சிறுநீரகத்தை நம் சௌகரியத்துக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். “இதயம் தளர்ந்துக்கிட்டே வருதும்மா. ஆறேழு மாசத்துக்குள்ள கிடைச்சா நல்லது. அதுக்கப்புறம் கிடைச்சாலும், ஆபரேஷன் வேணாம்னு நாங்களே சொல்ல வேண்டி வரும்.” அவரையும் தனியாகக் கூப்பிட்டு இதையே சொல்லியிருக்கிறார். நாங்கள் இருவரும் அடுத்தவருக்குத் தெரியாது என்று நடித்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தோம்.

இதற்கு முன்னால் இரண்டு முறை அழைப்பு வந்திருக்கிறது. முதல் முறை அவர் இரண்டாவது பெயர். முதல் பெயர்க்காரருக்கே பொருந்திவிட்டதால் நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். இரண்டாம் முறை ஊசியெல்லாம் குத்தி, படுக்கையில் கிடத்தி, கடைசியில் அந்தச் சிறுநீரகம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஃபோன் மணி கேட்டாலே அவருக்குக் கை உதற ஆரம்பித்தது. கடன் வேண்டுமா என்று எவளோ கூப்பிட்டதற்குக் கூட முகம் வெளுத்து ஃபோனைக் கீழே போட்டார்.

“எனக்கு இந்தச் சனியன் வேணாம். நீயே வெச்சுக்க. வந்தா நீ எடு. கிளம்புன்னு சொல்லு, கிளம்பறேன்” என்று அணைத்து அலமாரிக்குள் போட்டுவிட்டார். அவசரமென்றால் அவர் கீழ்வீட்டுக் கதவைத் தட்டுவார், நான் சொல்வதென்றால் கீழ்வீட்டு நம்பருக்குக் கூப்பிடுவேன் என்று ஏற்பாடு. மருத்துவமனைக் குறிப்பிலிருந்து அவருடைய நம்பரை எடுத்துவிடச் சொல்லி, என்னுடைய இரண்டையும் கொடுத்தேன். ஒன்று என் செல்ஃபோன், இன்னொன்று பள்ளிக்கூடத்து லைன்.

சிக்கல் எங்கே என்றால், எங்கள் அலுவலகம் பாதி தரைக்குக் கீழே இருக்கிறது. பழங்காலக் கட்டடம், சுவர் ஒரு முழத்துக்கு மேல். செல்ஃபோனில் ஒரு கோடு சிக்னல் வேண்டுமென்றால் வெளிவாசல் வரை நடக்க வேண்டும். ஆகவே எட்டு மணி நேரமும் எனக்கு மேஜை மேலிருந்த அந்த ஒரு ஃபோன்தான் துணை. கழிப்பறைக்குப் போவதென்றாலும் ஓட்டமும் நடையும்தான். மதியச் சாப்பாட்டை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆசிரியைகள் என்னை ‘டெலிபோன் காவல்’ என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

வைஃபை ஃபோன் வந்தால், அதுவரை சில வகுப்புகளோடு நின்றிருந்த வைஃபை கட்டடம் முழுக்க வரும்; என் செல்ஃபோனும் அதைப் பிடித்துக்கொண்டு சுவருக்குள்ளும் அடிக்கும். கழிப்பறையிலும் அடிக்கும், மாடியிலும் அடிக்கும். அதற்காகத்தான் இருபது நிமிடம் நன்மைகள் பேசினேன். என் வீட்டுக் கதையை மட்டும் பேசவில்லை. என் வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை. நூலகத்தில் இருந்த ஓர் அக்கா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று நான்கு தடவை லீவு கேட்டாள். ஐந்தாம் தடவை “நீங்க வீட்டுலயே இருந்து நல்லா கவனிச்சுக்கங்க” என்று இதமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த இதத்தை நான் பார்த்திருக்கிறேன்.

தீர்மானம் நிறைவேறியது. விடுமுறையில் ஃபோன்களை மாட்ட ஒரு தம்பி வந்தார். ஏணியும் கையுமாக இரண்டு நாள் கட்டடம் முழுக்க அலைந்து, எங்கே போனாலும் “இங்க சிக்னல் வருதாக்கா?” என்று கத்திக் கேட்டதால் அவருக்கு ‘சிக்னல்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. கடைசி நாள் என் எதிரில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“அக்கா, நெட்டு போச்சுன்னா ஸ்கூலுக்கு வர்ற கால் எங்க போகணும்? ஒரு மொபைல் நம்பர் சொல்லுங்க.”

“என் நம்பரே போடுங்க தம்பி.”

“தலைமையாசிரியர் நம்பர் போடலாமா?”

“வேணாம், வேணாம். என்னுதே போடுங்க.”

எல்லாம் என்னிடம் வரவேண்டும் என்பதுதான் எனக்கு. அவர் போட்டுவிட்டு, “அதையும் எடுக்கலேன்னா மெசேஜுக்குப் போகும். உங்க குரல்லயே ஒண்ணு பதிஞ்சிருவோமா?” என்றார்.

நான்கு முறை பதிந்தோம். மூன்று முறை தொண்டை கரகரத்தது. நான்காவது நன்றாக வந்தது: ‘வணக்கம். தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தற்போது அனைவரும் பணியில் இருக்கிறோம். ஒலி கேட்டதும் தங்கள் செய்தியைக் கூறவும். விரைவில் தொடர்பு கொள்கிறோம். நன்றி.’

வீட்டில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். “இவ்வளவு மரியாதையா என்கிட்ட ஒரு நாள் பேசியிருக்கியா?” என்றார். “நீங்க மெசேஜ் சொல்லிட்டு வெச்சுடற ஆளா இருந்தா பேசலாம்” என்றேன். அன்று இரண்டு பேரும் நெடுநேரம் சிரித்தோம்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் மனுஷியாக நடமாடினேன். மாடியில் ஆசிரியைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். செல்ஃபோன் எப்போதும் கைப்பையில். சுவர்கள் எதுவும் செய்ய முடியவில்லை. ஒரு நாள் மைதானத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தபோது உடற்பயிற்சி ஆசிரியர் நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டு, பத்து நிமிடத்தில் வண்டி வந்தது. தலைமையாசிரியர் என்னைத் தேடி வந்து, “நீங்க சொன்னது சரியாப் போச்சும்மா” என்றார். பெருமையாக இருந்தது, சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

ஒவ்வொரு மாலையும் நான் செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்பார், “ஃபோன் ஏதாவது வந்துச்சா?” நான் ஏதாவது கோணலாகச் சொல்வேன். “வந்துச்சு, மந்திரி கூப்பிட்டாரு. நீங்க இல்லாம நாடு ஓடலையாம்.” அவர் “அப்படியா, நாளைக்கு வரேன்னு சொல்லு” என்பார். வாசல் ஓரம் ஆஸ்பத்திரிப் பை தயாராக இருக்கும்: மாற்றுச் சட்டை, பல் துலக்கும் பிரஷ், மூக்குக் கண்ணாடி, மருத்துவக் கோப்பு. மாதம் பிறந்தால் அதைக் கலைத்து மறுபடி அடுக்குவார்.

மாதம் பிறந்த அன்றுதான் தேர்வும் தொடங்கியது.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால், கையில் கட்டும் கடிகாரத்தில் விடைகளை வரவழைத்து எழுதிய மூன்று பேர் பிடிபட்டார்கள். பள்ளிக்கூட வைஃபையிலேயே வரவழைத்திருந்தார்கள். பெரிய அவமானம். அதிலிருந்து ஒரு விதி: தேர்வு தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது கட்டடத்தின் வைஃபை முழுவதையும் அணைத்துவிட வேண்டும், தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டுகள் எண்ணப்பட்ட பிறகுதான் போட வேண்டும். அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தது நான். நான்காவது பத்தியில், ‘பொறுப்பு: அலுவலக எழுத்தர்’ என்று இருக்கும். வைஃபை சுவிட்ச் இருக்கும் பெட்டியின் சாவி என் கொத்தில்தான் கிடக்கிறது. ஒவ்வொரு தேர்வுக்கும் அந்தத் தாளில் தேதியை மட்டும் மாற்றி அச்செடுத்து ஒட்டுவேன். இந்த முறையும் தேதியை மட்டும் மாற்றினேன்.

ஃபோன் இப்போது அந்தப் பெட்டிக்குள்தான் குடியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? மூன்று மாதம் முன்பு இருபது நிமிடம் அதைத்தானே விளக்கினேன். தலைமையாசிரியருக்கும் தெரியும், ஆசிரியர்களுக்கும் தெரியும். தெரிந்த அத்தனை பேரும் தேர்வு நாள் என்றதும் பழைய கால்களால் நடந்தோம். ஒன்பதே காலுக்குத் தலைமையாசிரியர் கதவருகே வந்து, “சுவிட்ச்?” என்றார். “இதோ சார்” என்று எழுந்து, பெட்டியைத் திறந்து, அணைத்தேன். வரிசையாகப் பச்சை விளக்குகள் அணைந்தன. பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஆசிரியர்கள் தங்கள் ஃபோன்களை ஒரு கூடையில் போட்டுவிட்டுத் தேர்வறைகளுக்குப் போனார்கள். அது வழக்கம். என் மேஜை முழுக்க விடைத்தாள் கட்டுகள். புது மேஜை ஃபோனின் முகம் அவற்றுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அதன் சின்னத் திரையில் ‘இணைப்பு இல்லை’ என்று எழுதியிருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. ஒரு அறைக்கு இரண்டு தாள் குறைந்தது, ஒரு பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தது, மாடிக்கும் கீழுக்கும் ஏழெட்டு நடை.

பதினொன்று நான்குக்கு மணி பார்க்கச் செல்ஃபோனை எடுத்தேன். நிமிடம் கூட ஞாபகமிருக்கிறது. தவறிய அழைப்பு எதுவும் இல்லை. மேல் மூலையில் கோடுகளும் இல்லைதான். ஆனால் பதினோரு வருடம் அந்த இடத்தைக் கோடில்லாமலே பார்த்துப் பழகிய கண், மூன்று மாதப் பழக்கத்தை அன்று தேடவில்லை. தண்ணீர் குடித்தேன். இன்றைக்கு ஃபோன் தொல்லையே இல்லை, நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. கட்டுகளை எண்ணி முடித்து, பன்னிரண்டு நாற்பதுக்குப் பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. என் நாற்காலிக்குத் திரும்பி உட்காரும்போது கைப்பைக்குள் ஃபோன் அதிர ஆரம்பித்தது. அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது.  எடுத்துப் பார்க்குமுன்பே தெரிந்துவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

10.42, செல்ஃபோன். 10.44, பள்ளிக்கூட நம்பர். 10.58. 11.01. 11.20. 11.23. எல்லாம் ஒரே இடத்திலிருந்து. ஒரு நிமிடம் பிசகாமல் குறித்திருந்தது. நான் சொன்ன நன்மைகளில் அதுவும் ஒன்றுதானே. மின்னஞ்சலில் மூன்று ஒலிப்பதிவுகள் வந்திருந்தன. கூப்பிட்டவர் பள்ளிக்கூடத்து நம்பரை அடித்திருக்கிறார். நெட் இல்லாததால் அது என் செல்ஃபோனுக்குத் தாவியிருக்கிறது. செல்ஃபோன் சுவருக்குள் செத்துக் கிடந்ததால் மெசேஜுக்குப் போயிருக்கிறது. எந்த வழியாக வந்தாலும் என் கைப்பையில் வந்து முட்டும்படி நானே வரப்பு கட்டியிருந்தேன்.

முதல் பதிவு: “வணக்கம்மா, ஆஸ்பத்திரிலேருந்து பேசறேன். உங்க வீட்டுக்காரருக்குப் பொருந்தற மாதிரி ஒண்ணு வந்திருக்கு. இந்தத் தடவை அவர்தான் மொதல் பேரு. உடனே கூப்பிடுங்க.” இரண்டாவது: “அம்மா, மறுபடியும் நான்தான். யாராவது இதைக் கேட்டா அவங்ககிட்ட தயவுசெய்து சொல்லுங்க.” மூன்றாவதில் அவர் குரல் இறங்கிவிட்டது. “பதினொண்ணு நாப்பது வரைக்கும் வெச்சிருக்கேம்மா. அதுக்கு மேல என்னால முடியாது.” பிறகு பெருமூச்சு ஒன்று, ஃபோனை வைக்கும் ஓசை.

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“இப்பத்தான் பார்த்தேன். கிளம்பிட்டோம், அரை மணி நேரத்துல...”

“அம்மா, அடுத்தவங்க வந்து சேர்ந்துட்டாங்க. உள்ள கூட்டிட்டுப் போயாச்சு.”

“மொதல் பேருன்னீங்களே.”

“ஆமாம்மா. ஆறு தடவை கூப்பிட்டேன். உங்க குரல்தான் வந்துச்சு. எடுத்துட்டீங்கன்னு நினைச்சு நான் பாட்டுக்குப் பேச ஆரம்பிச்சுட்டேன். அப்புறம்தான் பதிஞ்ச குரல்னு தெரிஞ்சுது.” பிறகு, “பட்டியல்ல அவர் பேரு அப்படியேதான் இருக்கு. அடுத்தது எப்ப வரும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது” என்றார்.

நன்றி என்று சொல்லி வைத்தேன். ஆமாம், நன்றி என்றுதான் சொன்னேன். பதினோரு வருடப் பழக்கம்.

தலைமையாசிரியர் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, கட்டு ஏதாவது குறையுதா?” என்றார். ஒன்றரை வருடமாகப் பூட்டி வைத்திருந்ததை நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். எதிர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. பழைய லைனை விட்டு வெச்சிருப்போம். இந்த சுவிட்ச் விஷயம் யாருக்காவது உறைச்சிருக்கும்.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, அவர் சொன்னது சரி என்பதால். “சொன்னா வேலை இருந்திருக்குமா சார்? லைப்ரரி அக்காவுக்கு இருந்துச்சா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “வீட்டுக்குப் போங்கம்மா” என்றார் கடைசியில். மெய்யாகவே இதமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த வார்த்தை வேறு மாதிரி கேட்டது. போகவில்லை. கடைசி மணி வரை உட்கார்ந்து கட்டுகளுக்கு எண் போட்டேன். உண்மையைச் சொன்னால், வீட்டுக்குப் போகப் பயந்தேன்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவருக்குத் தெரிந்து ஆகப்போவது என்ன? இதயம் தளர்ந்திருக்கிறவர். ஒரு சொல்லால் அவரை இன்னும் தளரச் செய்வானேன்? இப்படி நியாயமெல்லாம் அடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பையைக் கலைத்துப் போட்டிருந்தார். மேஜையில் ஒரு தட்டு நிறையப் பச்சைப் பட்டாணி, உரித்து வைத்தது.

“இந்தச் சட்டையைப் பாரு, தொளதொளன்னு ஆயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கோமாளி மாதிரியா போறது? வேற ஒண்ணு எடுத்துக் குடு” என்றவர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார், “ஃபோன் ஏதாவது வந்துச்சா?”

“இல்ல” என்றேன். கோணலாக எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

“வராட்டி என்ன. வந்தா நீ எடுத்துடுவே. அந்தத் தெம்புலதான் நான் மத்தியானம் ரெண்டு மணி நேரம் நிம்மதியாத் தூங்கறேன்.”

நான் அடுக்கி வைத்திருந்த நியாயமெல்லாம் அந்த இடத்தில் சரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றறிக்கை, சாவி, சுவிட்ச், கைப்பை. அழுதுகொண்டே சொன்னதால் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கையிலிருந்த சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“எத்தனை மணிக்கு?”

“பத்து நாப்பத்திரெண்டுக்கு மொதல்ல. பதினொண்ணு இருபத்திமூணுக்குக் கடைசியா.”

“அப்ப நான் பட்டாணி உரிச்சிட்டிருந்தேன்” என்றார். “பதினொன்றரை வரைக்கும் உரிச்சேன்.”

தட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார், “அவங்க கூப்பிட்டப்ப அவங்களுக்கு என்ன கேட்டுது?”

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். “போடு, கேக்கறேன்” என்றார். பள்ளிக்கூடம் மூடியிருந்த நேரம். நம்பரை அழுத்தி, ஒலியைக் கூட்டித் தரையில் வைத்தேன். நான்கு தடவை மணி அடித்தது. பிறகு என் குரல், நான்காவது முறை நன்றாக வந்த அந்தக் குரல், வணக்கம் சொன்னது. தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்றது. விரைவில் தொடர்பு கொள்கிறோம் என்றது. நன்றி வரைக்கும் அவர் முழுதாகக் கேட்டார். ஒலி வந்ததும் தானே குனிந்து துண்டித்தார்.

“நல்லாத்தான் பேசியிருக்க” என்றார்.

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கத்தட்டும், தட்டைத் தூக்கி எறியட்டும் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து போய், அலமாரியைத் திறந்தார். உள்ளே கையை விட்டுத் துழாவித் தன் பழைய ஃபோனை எடுத்துச் சட்டையில் துடைத்தார். சார்ஜரில் சொருகினார். திரையில் வெளிச்சம் வந்ததும் அது ஒரு மெட்டு வாசித்தது. அவர் கை உதறியது. இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவங்களைக் கூப்பிட்டு இந்த நம்பரைக் குடு” என்றார்.

கூப்பிட்டேன். ஒருங்கிணைப்பாளர் அம்மாள் இன்னும் அங்கேதான் இருந்தார். வீட்டுக்காரரின் நம்பரை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன்; திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

“குறிச்சுக்கிட்டேம்மா. உங்க ரெண்டு நம்பரும் அப்படியே இருக்கட்டுமில்ல?”

ஒலியைக் கூட்டி வைத்திருந்ததால் வீட்டுக்காரருக்கும் அது கேட்டது. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தொளதொளத்த அந்தச் சட்டையையே பைக்குள் வைத்து, மெதுவாக ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

“எடுத்துடுங்க” என்றேன்.